தேட்டம் யாருடையது? கொழும்புத் தமிழரிடையே விவாகரத்தும் ஆதனப் பங்கீடும்

1. முன்னுரை

விவாகம் என்பது இரு உள்ளங்களின் இணைப்பு என நமது இலக்கியங்கள் நெடுங்காலமாகப் பேசிவந்துள்ளன. நொத்தாரிசுகளின் பதிவேடுகளோ அதனை இரு குடும்பங்களின் ஆதனங்கள் தொடர்பான ஓர் ஏற்பாடாகவே காட்டுகின்றன. இவ்விரு கூற்றுகளில் எது சமூக நடைமுறைக்கு நெருக்கமானது என்பது விவாகம் நடைபெறும் காலத்தில் அத்துணை தெளிவாகப் புலப்படுவதில்லை; அது முறியும்போதே புலப்படுகின்றது. வீடு யாருக்கு, நகை யாருக்கு, வங்கியிலுள்ள பணம் யாருக்கு என்ற வினாக்கள் எழும் வேளையில், அதுவரை அன்பு, கடமை, குடும்ப கௌரவம் முதலிய சொற்களால் மறைக்கப்பட்டிருந்த பொருளாதார உறவு வெளிப்படையாகின்றது.

கொழும்பு மாநகரில் வாழும் தமிழ்த் தம்பதியர் பிரியும்போது அவர்களது ஆதனம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதை விளக்குவதும், அப்பங்கீட்டின் அடிப்படையாக அமைந்துள்ள கருத்துநிலையை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரு பகுதிகளை நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். இரண்டும் ஒரே நகரின் பகுதிகள். இரண்டிலும் தமிழே பெருவழக்கு. இரு பகுதியினதும் விவாகரத்து வழக்குகள் புதுக்கடையிலுள்ள ஒரே மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்கின்றன. எனினும் அவ்வழக்குகளில் ஆதனத்தை அளக்கும் கோல் ஒன்றன்று.

இலக்கிய ஆய்வாளர் சட்டத்தைப் பற்றி எழுதுவதன் பொருத்தம் யாது என்ற வினா எழலாம். சட்டக்கோவையும் ஒரு நூலே. அதனை யார் எழுதினர், யாருக்காக எழுதினர், எச்சொல்லைத் தெரிந்தெடுத்தனர், எதைச் சொல்லாது விட்டனர் என்பன எந்த நூலையும் போல அதற்கும் பொருந்தும் வினாக்களாகும். அவ்வகையில் இது ஒரு சொல்லைப் பற்றிய ஆய்வுமாகும். அச்சொல் ‘தேட்டம்’ என்பது.

2. மூன்று சொற்கள்

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமை குடும்ப ஆதனத்தை அது வந்த வழியை வைத்து மூன்றாக வகுக்கின்றது. பெற்றோர் முதலிய முன்னோர் வழியாக வந்தது முதுசம். பெண்ணின் விவாகத்தையொட்டி அவளுக்கு அளிக்கப்பட்டது சீதனம். விவாகம் நிலைத்திருக்கும் காலத்தில் ஈட்டப்பட்டது தேடிய தேட்டம்.

முதுசம் என்பது ‘முதுசொம்’ என்பதன் வழக்கு வடிவம். முதுமைப்பட்ட சொத்து என்பது அதன் பொருள். சீதனம் என்பது ‘ஸ்திரீதனம்’ என்ற வடசொல்லின் திரிபு. பெண்ணின் செல்வம் என்பது அதன் நேர்ப்பொருள். இவ்விரு சொற்களும் ஆதனத்தை ஒரு குலவழியோடும் ஒரு பாலோடும் தொடர்புபடுத்துகின்றன. தேட்டம் என்ற சொல்லின் இயல்பு வேறு. அது ‘தேடு’ என்ற வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். தேடியவர் எக்குலத்தவர், ஆணா பெண்ணா என்பதைச் சொல் தன்னளவிற் சுட்டுவதில்லை. செயலையே அது சுட்டுகின்றது. பின்வரும் சட்ட வரலாறு முழுவதையும் இந்தச் செயலைச் செய்தவர் யார் என்ற ஒரு வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளாகவே கொள்ளலாம்.

3. 1707ஆம் ஆண்டுத் தொகுப்பு

யாழ்ப்பாணத்து வழமைகள் ஒல்லாந்தர் ஆட்சியில், ஆளுநர் கொர்னேலிஸ் ஜொவான் சிமொன்ஸ் என்பாரின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டு 1707இல் நிறைவுபெற்றன. தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்களது ஒப்புதலைப் பெற்றது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியின்மூலம் அதற்குச் சட்டவலுவை உறுதிசெய்தனர்.

ஒப்புதலளித்தவர்கள் யாவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் நிலவுடைமை வர்க்கத்தின் ஆண் பிரதிநிதிகள். வழமை என்ற பெயரில் எழுத்துருப் பெற்றது அவர்கள் வழமையெனக் கண்டதே. அதே கோவை அடிமை, குடிமைகள் பற்றியும் விரிவாகப் பேசுகின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. இலங்கையில் அடிமைமுறை 1844இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனவே தேசவழமையைத் தமிழ்ப் பெண்ணின் உரிமைச் சாசனமெனக் கொண்டாடுவோர் அந்நூலின் மறுபக்கங்களையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறாயினும், அந்நூலில் ஒரு பழைய சமூக அமைப்பின் சுவடு எஞ்சியுள்ளது. முற்காலத்தில் கணவன் கொண்டுவந்த ஆதனம் ஆண்மக்களுக்கும் மனைவி கொண்டுவந்த ஆதனம் பெண்மக்களுக்கும் சென்றதென்றும், இருவரும் கூடிவாழ்ந்த காலத்தில் ஈட்டியது மக்கள் அனைவருக்கும் பொதுவாகப் பங்கிடப்பட்டதென்றும், காலப்போக்கில் இவ்வொழுங்கு மாற்றமடைந்ததென்றும் தொகுப்பாளரே குறிப்பிடுகின்றார். பெண்வழி உரிமை நிலவிய ஒரு கட்டத்திலிருந்து ஆண்வழி உரிமை மேலோங்கிய கட்டத்துக்குச் சமூகம் மாறிச்சென்றமையின் அடையாளங்களை இங்கு காணலாம். 1884இல் எங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் இத்தகைய மாற்றத்தைத் தனிச்சொத்தின் வளர்ச்சியோடு இணைத்துக் காட்டினார். அவர் பயன்படுத்திய மானிடவியற் சான்றுகள் பல பின்னர் திருத்தப்பட்டுள்ளன; ஆயினும் குடும்ப வடிவத்தை ஆதன உறவிலிருந்து பிரித்து நோக்க முடியாதென்ற அவரது அடிப்படை யாழ்ப்பாணச் சமூகத்தைப் பொறுத்தவரை வலுவுடையதாகவே உள்ளது.

4. 1911உம் 1947உம்

பிரித்தானிய ஆட்சியில், பணப் பொருளாதாரமும் அரசாங்க உத்தியோகமும் மலாயா உத்தியோகமும் யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தை உருவாக்கிய காலத்தில், பழைய வழமையைப் புதிய நிலைமைக்கு இயைவிக்கவேண்டிய தேவை எழுந்தது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் விளைவாகும்.

இச்சட்டத்தின் 19ஆம், 20ஆம் பிரிவுகள் நமது பொருளுக்கு இன்றியமையாதன. விவாக காலத்தில் கணவனோ மனைவியோ பெறுமதியான பிரதிபயன் கொடுத்து ஈட்டிய ஆதனமும், இருவரதும் தனி ஆதனங்களிலிருந்து அக்காலத்திற் கிடைத்த வருவாயும் தேட்டமென வரையறுக்கப்பட்டன. தேட்டம் யாருடைய பெயரில் இருப்பினும் இருவருக்கும் சமமாக உரியதென 20ஆம் பிரிவு கூறியது. விவாகம் குலைக்கப்படும்போது ஒவ்வொருவரும் அதன் அரைப்பங்கைத் தமக்குரியதாக எடுத்துக்கொள்ளலாம் எனவும் அது வெளிப்படையாகவே விதித்தது. பிரிவுக்குக் காரணமான குற்றம் யாருடையது என்று அவ்வாசகம் கேட்கவில்லை என்பது கவனித்தற்குரியது.

1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. முதலாவது வரைவிலக்கணம் பற்றியது. பழைய வாசகத்தின்படி, சீதனப் பணத்தைக் கொண்டு விவாக காலத்தில் வாங்கிய காணியும் தேட்டமாகிவிடக்கூடும். பெண்ணின் தனி ஆதனம் அவ்வழியாகப் பாதியாகச் சுருங்கும். இதனைத் தடுக்குமுகமாக, கொடுக்கப்பட்ட பிரதிபயன் அவரவரது தனி ஆதனத்தின் பகுதியாக இருத்தலாகாதென்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. இது சீதனமுடைய பெண்ணுக்கு நன்மை பயக்கும் மாற்றமே. இரண்டாவது மாற்றமோ வேறுவகையானது. இருவருக்கும் சமமாக உரியது என்ற பழைய 20ஆம் பிரிவின் இடத்தில், ஒருவர் இறக்கும்போது தேட்டம் எவ்வாறு இறங்கும் என்பதைக் கூறும் புதிய பிரிவு இடப்பட்டது. விவாகம் குலைக்கப்படுவது பற்றிய வாசகம் அதில் இல்லை.

இந்த மௌனத்தின் பொருள் யாது? தேட்டத்தில் மற்றவருக்குரிய பாதி, ஆதனம் ஈட்டப்பட்ட கணத்திலேயே அவரைச் சேர்கின்றதா, அன்றி ஈட்டியவரின் மரணத்தின் பின்னரே சேர்கின்றதா? 1950களிலிருந்து நீதியரசர்களிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு தோன்றியமை சட்ட அறிக்கைகளிற் காணக்கிடக்கின்றது. பழைய வழமையின் சமபங்குக் கோட்பாடு திருத்தத்தால் அழிந்துவிடவில்லை என்ற விளக்கமும் அவற்றில் வலுவாக முன்வைக்கப்பட்டுள்ளது. முன்னர் சட்டத்தின் வாசகத்தில் நேரடியாக இருந்த ஓர் உரிமை, பின்னர் வியாக்கியானத்தின்மூலம் வென்றெடுக்கவேண்டிய உரிமையாயிற்று. வியாக்கியானத்துக்குச் சட்டத்தரணி வேண்டும்; சட்டத்தரணிக்குப் பணம் வேண்டும்; காலமும் வேண்டும்.

5. பொதுச் சட்டம்

தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் ஆகியவற்றுக்கு உட்படாத இலங்கையருக்குப் பொதுச் சட்டம் உரியது. அதன் வேர் உரோமன்–டச்சுச் சட்டமாகும். ஒல்லாந்தரின் முறைப்படி விவாகத்தோடு இருவரின் ஆதனங்களும் ஒன்றாகிப் பொது ஆதனமாயின; ஆயினும் அதனை ஆளும் அதிகாரம் கணவனிடமே இருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இப்பொது ஆதன முறையை நீக்கியது. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம், மணமான பெண் மணமாகாத பெண்ணைப்போலவே கணவனின் சம்மதமின்றி ஆதனத்தை வைத்திருக்கவும் விற்கவும் இடமளித்தது. தேசவழமைக்குட்பட்ட பெண்களுக்கு இச்சட்டம் ஏற்புடையதன்று. அவர்களைப் பொறுத்தவரை, தமது சொந்த நிலத்தைக் கையளிப்பதற்கும் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு விதித்தது.

1923ஆம் ஆண்டுச் சட்டம் முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் முற்போக்கு முதலாளித்துவ முற்போக்கின் எல்லைக்குட்பட்டது. பெண்ணைச் சுதந்திரமான உடைமையாளராக அது அங்கீகரித்தது. உடைமை இருந்தாற்றான் அந்தச் சுதந்திரத்துக்குப் பொருளுண்டு. அவளுடையது அவளுக்கு, அவனுடையது அவனுக்கு என்ற விதி, இருவரும் சந்தையில் சமமாக நிற்கின்றனர் என்ற கற்பிதத்தின்மேல் எழுப்பப்பட்டது. விவாக காலத்தில் இருவரும் சேர்ந்து தேடியது என்றொரு வகை இச்சட்டத்தில் இல்லை. தேட்டம் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை எனலாம்.

6. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

தேசவழமை தமிழர் அனைவருக்குமுரிய சட்டமன்று. மட்டக்களப்பிலோ மலையகத்திலோ கொழும்பிலோ பரம்பரையாக வாழ்ந்துவரும் தமிழர் அதற்குட்பட்டவரல்லர். வடமாகாணத்தில் நிரந்தர வதிவிடமுடைய தமிழருக்கே அது உரியதென்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நீதிமன்றங்கள் வகுத்துவந்த அளவுகோலாகும். உத்தியோகத்தின் பொருட்டுக் கொழும்பில் தங்கியிருப்பதால் மாத்திரம் ஒருவர் யாழ்ப்பாண வாசி என்ற தகுதியை இழப்பதில்லை. கொழும்பையே நிரந்தர வீடாக்கிக்கொண்டவர் இழக்கலாம்.

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, ஆட்டுப்பட்டித்தெரு ஆகிய இடங்களில் துறைமுகத்தோடும் புறக்கோட்டை வணிகத்தோடும் பிணைந்து வாழ்ந்துவந்த தமிழருட் பெரும்பாலானோர் இந்திய வம்சாவளியினர், மலையகத்திலிருந்து வந்தோர், கொழும்புச் செட்டிகள், பரதவர் முதலியோர். இவர்களது ஆதனத்துக்குப் பொதுச் சட்டமே உரியது. வெள்ளவத்தைத் தமிழரிற் கணிசமானோர் வடக்கிலிருந்து உத்தியோகத்துக்காகவும், பின்னர் போரின் நெருக்குதலாலும் வந்தவர்கள். 1983 யூலை வன்செயலின்போது இப்பகுதித் தமிழர் பெரும் இழப்புக்குள்ளாயினர். எனினும் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்ததன் பின் வடக்கிலிருந்து வந்தோரின் தொகை மீண்டும் பெருகிற்று. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தனிவீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. வீடொன்றின் தளமொன்றைத் தனி ஆதனமாக உறுதி எழுதி விற்பதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் முன்னரே வழிவகுத்திருந்தது. வெளிநாட்டிலுள்ள உறவினரின் பணம் அதற்கு முதலாயிற்று. கொக்குவிலிலோ மானிப்பாயிலோ வீடும் வளவுமாக எழுதப்பட்டுவந்த சீதனம், வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளாக உருமாறியது.

இங்குதான் சிக்கல் எழுகின்றது. போரினால் இடம்பெயர்ந்து கால்நூற்றாண்டுக்கு மேலாக இராமகிருஷ்ண வீதியில் வாழும் ஒருவர் இன்னும் யாழ்ப்பாண வாசியா? திரும்பிச் செல்லும் எண்ணம் அவருக்கு உண்டா? வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த அவரது மகன் எச்சட்டத்துக்கு உட்பட்டவன்? இவை ஒவ்வொரு வழக்கிலும் சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்கவேண்டிய வினாக்களாகும். இதற்கும் மேலாக, தேசவழமைக்குட்படாத பெண் அதற்குட்பட்ட ஆணை மணந்தால் விவாகம் நிலைக்கும்வரை அவளும் அதற்குட்படுவாள். உட்பட்ட பெண் உட்படாத ஆணை மணந்தால் அவள் அக்காலத்தில் அதற்கு வெளியே நிற்பாள் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. கணவன் எச்சட்டத்தவனோ மனைவியும் அச்சட்டத்தவள். எனவே கொட்டாஞ்சேனைப் பெண்ணொருத்தியின் ஆதன உரிமை அவள் யாரை மணந்தாள் என்பதனால் தீர்மானிக்கப்படுகின்றது.

7. நீதிமன்றத்தில்

ஆதனம் எச்சட்டத்தால் ஆளப்படினும் விவாகரத்துக்கான காரணங்கள் இரு பகுதித் தமிழருக்கும் பொதுவானவை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், விவாகத்தின்போதே இருந்த தீராத உடலுறவு இயலாமை ஆகிய மூன்றையே காரணங்களாக ஏற்றது. எனவே ஒருவர் குற்றவாளியாக நிறுத்தப்படல் வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு, விவாகரத்துத் தீர்ப்பின்போது ஒருவரது ஆதனத்தையோ அதன் பகுதியையோ மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றிக்கொடுக்குமாறும், மொத்தத் தொகையையோ மாதப் படியையோ செலுத்துமாறும் கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரமளிக்கின்றது. இது நீதிபதியின் தற்றுணிபுக்குட்பட்ட அதிகாரம். கோருபவர் அதனை உரிமையாகப் பெறுவதில்லை. நியாயமெனத் தோன்றினால் அளிக்கப்படுகின்றது.

இவ்விதிகள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை விளக்க இரு கற்பனை எடுத்துக்காட்டுகளை அமைத்துக்கொள்வோம்.

வெள்ளவத்தையில் ஒரு தம்பதியர். கணவன் யாழ்ப்பாண வாசியென நிறுவப்பட்டுள்ளது. மனைவியின் தந்தை ஊரிலுள்ள காணியை விற்றுக் கொடுத்த சீதனப் பணம் தொடர்மாடி வீட்டின் முற்பணமாயிற்று. எஞ்சியது வங்கிக் கடன். கணவனின் சம்பளத்திலிருந்து கட்டப்பட்டது. உறுதி கணவனின் பெயரில். மனைவி ஆசிரியப் பணியை விட்டுப் பதினைந்து ஆண்டுகள் பிள்ளைகளையும் மாமியாரையும் பராமரித்தாள். பிரிவின்போது, முற்பணம் தனது தனி ஆதனமென அவள் கோரலாம்; ஆனால் அது சீதனமாகவே கொடுக்கப்பட்டதென நிறுவவேண்டும். காணியைச் சீதனமாகக் கொடுப்பதாயின் நொத்தாரிசு உறுதி வேண்டும். பணம் வாய்ச்சொல்லிலும் கைமாறலாம். கௌரவம் கருதி எழுதப்படாத தொகை நீதிமன்றத்திற் சொல்லப்படாத தொகையாகிவிடும். சம்பளத்திற் கட்டிய பகுதி ஐயமின்றித் தேட்டமே. அதில் அவளுக்குரிய பாதி, முற்பகுதியிற் கண்டவாறு, வியாக்கியானத்தைச் சார்ந்தது. ஆயினும் அவள் ஒரு வாதத்தோடு நிற்கின்றாள். சட்டத்தின் மொழியில் அவளது கோரிக்கைக்கு ஒரு பெயருண்டு.

கொட்டாஞ்சேனையில் மற்றொரு தம்பதியர். கணவன் செட்டியார் தெருவில் கணக்கெழுதுபவன். மனைவி அதிகாலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கின்றாள். அப்பணத்தில் வீட்டுச்செலவு நடக்க, கணவனின் சம்பளம் மிச்சம்பிடிக்கப்பட்டு வீடு வாங்கப்படுகின்றது. முற்பணத்துக்கு அவளது காப்பும் அட்டியலும் கணவனின் பெயரில் அடகுவைக்கப்படுகின்றன. உறுதியும் அவன் பெயரில். பிரிவின்போது வீடு அவனுடையது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுக்க மற்றவர் பெயரில் ஆதனம் வாங்கப்பட்டு, அதனை நன்கொடையாக்கும் எண்ணம் கொடுத்தவருக்கு இல்லையென்று தெரிந்தால், பெயருக்குரியவர் பணம் கொடுத்தவரின் நன்மைக்காகவே அதனை வைத்திருப்பவராவார். அடகுச்சீட்டு அவள் பெயரில் இருந்திருப்பின் இப்பிரிவு அவளுக்கு உதவியிருக்கும். இடியப்பத்துக்கு அரிசியும் கறியும் வாங்கியதற்குச் சீட்டு ஏது? எஞ்சியிருப்பது 615ஆம் பிரிவும் நீதிபதியின் தற்றுணிபுமே.

8. பிரதிபயனும் உழைப்பும்

இரண்டு எடுத்துக்காட்டுகளையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஒரு பொதுத்தன்மை புலனாகின்றது. இரு சட்டங்களும் இறுதியில் ‘பணம் யார் கொடுத்தது?’ என்ற வினாவுக்கே வந்துசேருகின்றன. தேசவழமையின் 1911ஆம் ஆண்டு வரைவிலக்கணத்தில் வரும் ‘பெறுமதியான பிரதிபயன்’ என்ற தொடர் சந்தையின் தொடர். விலை உள்ளதே பெறுமதியுள்ளது என்ற கருத்து அதனுட் பொதிந்துள்ளது. சமையலும் துவையலும் பிள்ளை வளர்ப்பும் நோயாளர் பராமரிப்பும் பயன்பெறுமதி உடையன. பரிமாற்றப்பெறுமதி அவற்றுக்கு இல்லை. அதே வேலையை வீட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஒருத்தி செய்தாற் சம்பளம் உண்டு. சம்பளம் பெறும் கணவன் மறுநாளும் வேலைக்குச் செல்லக்கூடியவனாக இருப்பதும், நாளைய தொழிலாளர் தலைமுறை வளர்வதும் இச்சம்பளமற்ற உழைப்பினாலேயே சாத்தியமாகின்றன. உழைப்புச் சக்தியின் மறு உற்பத்தி எனப் பொருளியலார் கூறுவது இதனையே.

எனினும் இரு சட்டங்களுக்கிடையே ஒரு வேறுபாடு உண்டு. அதுவே இக்கட்டுரையின் மையக் கருத்துமாகும். தேசவழமை, ஈட்டியவர் யாராயினும் விவாக காலத்தில் ஈட்டியது இருவரதும் தேட்டமென்ற கோட்பாட்டைக் கொண்டிருந்தது. அதன் வரைவிலக்கணம் பணத்தைக் கேட்டது. பங்கீடோ பணத்தைக் கேட்கவில்லை. கூட்டு உழைப்பில் நிலைத்த விவசாயக் குடும்பத்தில், கமத்தில் யார் எவ்வளவு உழைத்தார் என்று பிரித்துக் கணிப்பது பொருளற்றதாக இருந்தமையே இதற்குக் காரணமாகலாம். அந்த உற்பத்தி முறை மறைந்தது. தனியாள் சம்பளமும் தனியாள் உறுதியும் வந்தன. அவற்றோடு 1947இன் மௌனமும் வந்தது.

இதிலிருந்து தேசவழமையை அப்படியே கொழும்புத் தமிழர் அனைவருக்கும் விரிக்கவேண்டுமென்ற முடிவுக்கு வருவது தவறாகும். பெண் தன் நிலத்தை விற்கக் கணவனின் சம்மதத்தை வேண்டிநிற்கச் செய்த சட்டமும் அதுவே. சீதனம் என்ற நிறுவனத்தைத் தாங்கிநிற்கும் சட்டமும் அதுவே; ஞாயிறு வீரகேசரியின் மணமக்கள் விளம்பரங்களைப் பார்ப்போர் அந்நிறுவனம் நகரத்தில் தளர்ந்துவிடவில்லை என்பதை அறிவர். மறுபுறத்தில், அது நிலமானிய எச்சமென முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் பொதுச் சட்டத்தை நவீனத்துவத்தின் பெயரால் ஏற்பதும் தவறே. பழைய சமூகத்திலிருந்து எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே பண்பாட்டு ஆய்வின் இடர்ப்பாடான பணியாகும். தேட்டத்தின் சமபங்குக் கோட்பாட்டைக் கொள்ளலாம். கணவனின் சம்மதத்தைத் தள்ளலாம்.

பிறநாட்டு அனுபவமும் இத்திசையையே காட்டுகின்றது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 2000ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பொன்று, பொருளீட்டியவருக்கும் இல்லத்தைப் பேணியவருக்குமிடையே பாகுபாடு காட்டலாகாதென்றும், சமபங்கு என்ற அளவுகோலில் வைத்துப் பங்கீட்டைச் சரிபார்க்கவேண்டுமென்றும் கூறியது. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கின்றது. சவூதி அரேபியாவில் உழைத்த கணவன் அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்ட ஆதனங்கள் பற்றிய வழக்கொன்றில், சென்னை உயர் நீதிமன்றம் (நம் நாட்டு வழக்கில் மேல் நீதிமன்றம் எனத்தக்கது) 2023 யூனில் தீர்ப்பளித்தது. மனைவி வீட்டைப் பேணியமையாலேயே கணவனால் பொருளீட்ட முடிந்தது. ஆகவே அவ்வாறு வாங்கிய ஆதனத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டென அத்தீர்ப்பு கண்டது. அது விவாகரத்து வழக்கன்று. ஆயினும் அதன் தருக்கம் விவாகரத்துக்கும் பொருந்துவதே. அந்நீதிபதி தேசவழமையை ஆதாரமாகக் கொள்ளவில்லை. தேட்டம் என்ற சொல் முன்னரே அறிந்திருந்த ஒன்றை அவர் வேறொரு வழியாக வந்தடைந்தார் எனலாம்.

9. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். கொழும்புத் தமிழரின் ஆதனப் பங்கீடு அவர்களது மொழியாலோ வாழிடத்தாலோ அன்றிக் கணவனின் பரம்பரை வதிவிடத்தால் தீர்மானிக்கப்படுகின்றது. போரின் பின் அவ்வதிவிடமே ஐயத்துக்கிடமாகியுள்ளது. தேசவழமையில் வெளிப்படையாக இருந்த சமபங்குரிமை 1947இல் வாசகத்திலிருந்து நீங்கி வியாக்கியானத்துள் ஒதுங்கிற்று. பொதுச் சட்டத்தில் அவ்வுரிமை என்றுமே தன் சொந்தப் பெயரோடு இடம்பெறவில்லை.

இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, ஆதனத்தை ஈட்டல், வைத்திருத்தல், முகாமைசெய்தல், கையளித்தல் ஆகியவற்றில் கணவன் மனைவியர்க்குச் சம உரிமை வேண்டுமென்கின்றது. ஆனால் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை, அதற்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகுமென விதித்தது. எனவே மாற்றம் சட்டவாக்கத்தின்மூலமே வரவேண்டும். கண்டியர், முஸ்லிம்கள், வடபுலத்தார், ஏனையோர் என்ற வேறுபாடின்றி, விவாக காலத்தில் தேடியது இருவரதும் தேட்டமென்றும், இல்லத்து உழைப்பும் தேடலேயென்றும் ஒரு வாசகம் வேண்டும். அது ஒரு சமூகத்தின் வழமையை மற்றவர்மேற் சுமத்துவதன்று. எல்லாச் சமூகங்களிலும் பெண்கள் செய்துவரும் வேலைக்குச் சட்டத்தில் ஒரு பெயரிடுவதாகும்.

சட்டம் மாறும்வரை குடும்பங்கள் செய்யத்தக்கனவும் சில உள. தொடர்மாடி வீட்டின் உறுதியை இருவர் பெயரிலும் எழுதுவித்தல், பணமாகக் கொடுக்கும் சீதனத்தை எழுத்திற் பதிதல், அடகுச்சீட்டையும் வங்கிக் கணக்கையும் நகைக்குரியவளின் பெயரில் வைத்தல் என்பன எளிய காரியங்களே. இவற்றைக் கேட்பது நம்பிக்கையின்மையின் அறிகுறியெனப் பெற்றோரும் மாப்பிள்ளை வீட்டாரும் கருதுவதை நாம் அறிவோம். நொத்தாரிசின் மேசையில் அந்தத் தயக்கத்தால் எழுதப்படாது விடப்படும் பெயரே பின்னர் புதுக்கடையில் ஆண்டுக்கணக்காகத் தேடப்படுகின்றது.